அவா போட்ட விலைகள்

எனக்குக் கலியாணம் நடந்தபோது வயது முப்பத்தொன்பது. அவருக்கு நாற்பத்தாறு. முதல் மனைவி வருத்தம் வந்து படுத்து இறந்து மூன்று வருடமாகியிருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். கொட்டாஞ்சேனையில் எங்கள் மாதா கோயிலில், இருபது பேர் மட்டும் வந்திருந்த ஒரு சனிக்கிழமைக் காலைப் பூசையில் தாலி கட்டினார். பின்னேரமே இரண்டு சூட்கேசோடு வெள்ளவத்தையில் அவருடைய ஃபிளாட்டுக்குப் போய்விட்டேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி.

அந்த வீட்டில் இறந்துபோன அவாவுடைய பொருள் எதுவும் கண்ணில் படவில்லை. படம் மகளின் அறையில் மட்டும் இருந்தது. உடுப்புகளை அவருடைய தங்கை எப்போதோ வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தா. அல்மாரியில் ஒரு பக்கத்தை எனக்காகத் துடைத்து, புதுக் காகிதம் விரித்து வைத்திருந்தார்கள். இவ்வளவு மரியாதையாக எனக்கு இடம் விட்ட வீட்டில் பொறாமைப்பட என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அந்த மாதச் சம்பளம் வந்த மறுநாள், அவர் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீரும் வாருமன். வீட்டுச் செலவெல்லாம் நான் இதிலதான் எழுதுறனான். இனி உமக்கும் தெரிய வேணும்."

நான் ஆசையோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோட்டையில், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கிற அலுவலகம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். எக்செல் ஷீட் எனக்குத் தண்ணிபட்ட பாடு. அவர் மருந்துக் கம்பனி ஒன்றுக்காகக் கடைகடையாக ஏறி இறங்குகிறவர். அவர் என்ன பெரிதாகச் செய்திருப்பார், கொஞ்சம் திருத்திக் கொடுத்தால் மகிழ்ந்துபோவார் என்று நினைத்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன்.

அது அவர் செய்தது இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. மாதத்துக்கு ஒரு தாளாக, கீழே வரிசையாகப் பல வருடங்கள் போயின. இடது பக்கத்தில் பொருட்களின் பெயர்கள்: அரிசி, பால்மா, காஸ், மீன், லைற் பில், ஸ்கூல் வான். அதற்கு அடுத்த நிரலின் தலைப்பு "நினைச்சது". அடுத்தது "செலவானது". கடைசி "வித்தியாசம்". நினைத்ததைவிடச் செலவு கூடினால் அந்தக் கட்டம் தானாகவே சிவப்பாகும். எங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு இப்படி ஒன்றைச் செய்யப் பழக்கவே எனக்கு ஒரு மாதமாகும்.

"ஆர் செய்தது இது?"

"அவாதான்."

கடைசி நிரலைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.

"ஏன் எல்லாம் சிவப்பா கிடக்கு?"

"சாமான் விலை ஏறிட்டுதுதானே."

"அப்ப இந்த 'நினைச்சது' எண்டதை மாத்த வேணுமெல்லோ? பால்மாவுக்குப் போட்டிருக்கிற விலை இப்ப எந்தக் கடையில இருக்கு?"

அவர் மவுஸில் இருந்து கையை எடுத்தார். "அது அவா போட்ட விலை. நான் ஒவ்வொரு மாசமும் போன மாசத் தாளைக் கொப்பி பண்ணிப்போட்டு, செலவானதை மட்டும் அடிக்கிறனான்."

அவா போனது நாடே சமையல் காஸுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலத்துக்கு முன். அதற்குப் பிறகு ஊரில் விலைகள் எங்கேயோ போய்விட்டன. அந்தத் தாளில் மட்டும் அவா நினைத்த விலையிலேயே எல்லாம் நின்றன. இது வரவுசெலவுத் திட்டமே இல்லை, இறந்துபோனவ ஒருத்தி விலை சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஒவ்வொரு மாதமும் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சிவப்பில்லாமல் ஒரேயொரு வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே. பெயர்: "எனக்கு". நினைச்சது மூவாயிரம், செலவானது மூவாயிரம்.

அதைக் கண்டதும் எனக்குள் ஒரு சிறு பிள்ளைத்தனமான சந்தோசம். வந்து ஒரு மாதமாகவில்லை, எனக்கென்று ஒரு வரி போட்டிருக்கிறாரே.

"இது ஆருக்கு? எனக்கோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் முகம் வேறு பக்கம் போனது. "அது... அவாட வரி. தனக்கெண்டு எழுதினது. அப்பிடியே வருது."

"அப்ப அந்தக் காசு?"

"பாங்கில அவாட பேரில ஒரு புத்தகம் இருந்தது. பிறகு பிள்ளையிட பேருக்கு மாத்தினது. அதில போடுறனான்."

சோறு வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழும்பிப் போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கோப்பு எனக்கு ஒரு வியாதியாகப் போய்விட்டது. சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் மகளை ஹெவ்லொக் டவுனில் ரியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போவார். இரண்டரை மணித்தியாலம் நான் தனி. அவர்கள் லிஃப்ற்றில் இறங்கின சத்தம் கேட்டதும் லப்டொப்பைத் திறப்பேன். சில கட்டங்களின் மூலையில் சின்னதாக ஒரு முக்கோணம் இருக்கும். அதன்மேல் மவுஸைக் கொண்டுபோனால் அவா எழுதிவைத்த குறிப்பு விரியும். "லைற் பில் கூடினா முதல் பிரிட்ஜைப் பார்." "ஸ்கூல் வான்காரருக்கு ஓகஸ்ட் அரை மாசம்தான் குடுக்கோணும்." வாழ்க்கையில் நான் பார்த்தேயிராத ஒருத்தியின் குரல் எனக்குப் பழகத் தொடங்கியது. கெட்டிக்காரி. சுருக்கமாகப் பேசுகிறவ. சமையலிலும் இப்படித்தான் இருந்திருப்பா.

மீன் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: "மாசத்துக்கு ஒருக்கா கணவாய் வாங்கு. இவர் கேக்க மாட்டார். ஆனா சரியான ஆசை."

ஐந்து மாதமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவருக்குக் கணவாய் ஆசை என்று எனக்குத் தெரியாது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்டேன். "உங்களுக்குக் கணவாய் விருப்பமோ?"

"ஆர் சொன்னது?" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. சும்மா கேட்டனான்."

அடுத்த நாள் சந்தையில் நல்ல கணவாய் இருந்தது, புதுசு. வாங்கவில்லை. அதற்கடுத்த மாதமும் வாங்கவில்லை. அவா சொல்லி நான் வாங்குவதா என்று இருந்தது. என் கணவனுக்கு ஆசையான ஒன்றை நான் இப்படி வஞ்சகமாக மறித்து வைத்திருந்தேன் என்பதை இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கப்படவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தேன். வீட்டில் சேர்ந்திருந்த கடை பில்லுகளையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு "நினைச்சது" நிரலில் இருந்த ஒவ்வொரு விலையையும் அழித்து, இன்றைய விலையை அடித்தேன். அரிசி. பால்மா. காஸ். அடிக்க அடிக்க ஒவ்வொரு சிவப்பாக மறைந்தது. அந்தச் சந்தோசத்தை என்னால் மறக்க முடியாது. கடைசியில் "எனக்கு" என்ற வரிக்கு வந்தேன். ஆளே இல்லாத செலவை வைத்துக்கொண்டு எப்படித் திட்டம் போடுவது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். முழு வரியையும் அழித்தேன். அவர்கள் வருகிற சத்தம் கேட்டது; சேமித்துவிட்டு மூடினேன்.

மாதக் கடைசியில் அவர் மேசையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். மகள் பக்கத்தில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரியோடு வேறு தாள்களும் தொடுக்கப்பட்டிருந்தன என்பது எனக்குத் தெரியாது. வருட மொத்தம் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை. பிழை என்று காட்டுகிற அடையாளம்தான் இருந்தது.

"அப்பா, என்ன இது?" என்று எட்டிப் பார்த்தவள், கீழ்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எப்போதும் மரியாதையாகக் கதைக்கிற பிள்ளை. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "அன்ரி, அம்மாட கணக்கை நீங்களோ மாத்தினது?"

"விலையெல்லாம் பழசு பிள்ளை. திருத்தத்தானே வேணும்."

"அம்மாட வரியும் பழசோ?"

நான் மேசையில் கிடந்த பாண் துகள்களைக் கூட்டி எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாதாமாதம் தனக்குத்தானே ஈமெயிலில் ஒரு பிரதி அனுப்பி வைக்கிற பழக்கம் அவருக்கு. போன மாதப் பிரதியை எடுத்து, அந்த மாதச் செலவுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தார். பால்மாவுக்குப் பழைய விலை. காஸுக்குப் பழைய விலை. எல்லாம் சிவப்பு. அடியில் "எனக்கு". என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நானும் இரண்டு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவர் ஏசவில்லை. "தேத்தண்ணி போடுறீரோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாளே என் சொந்த லப்டொப்பில் புதுசாக ஒரு ஷீட் தொடங்கினேன். வெறும் தாளிலிருந்து. என் சம்பளம் ஒரு நிரல், அவருடைய சம்பளம் ஒரு நிரல், செலவுகள் இன்றைய விலையில், எந்தச் செலவு எவ்வளவு பங்கு என்று காட்ட வட்டப் படமும் போட்டேன். "உங்கட கோப்பை நீங்கள் வச்சிருங்கோ. நான் என்ட கணக்கில பாக்கிறன்" என்றேன். "ஓம்" என்றார். ஒரே வீட்டில் இரண்டு கணக்கு ஓடியது. மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். இரண்டு மாதம் என் கணக்கில் மிச்சம் வந்தது. அவருடையது வழக்கம்போல் சிவப்பு. நான் ஒன்றும் சொல்லாமல் என் திரையை அவர் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.

மூன்றாம் மாதம் என் கணக்கு கவிழ்ந்தது. ஒரே கிழமைக்குள் பள்ளிக்கூடத் தவணைக் காசு, ஆயுள் காப்புறுதிக்குக் கட்டவேண்டியது, ஃபிளாட் பராமரிப்புக்கு வருடாவருடம் எடுக்கிற காசு மூன்றும் வந்தன. என் தாளில் அவற்றுக்கு ஒரு கட்டமும் இல்லை. மாதாமாதம் வராத செலவென்றால் எனக்கு நினைவே வரவில்லை. தாய்வீட்டில் அதையெல்லாம் அண்ணா பார்த்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"காசு இருக்கு. மாசாமாசம் பிரிச்சு வைக்கிறனான்தானே."

"எங்க எழுதியிருக்கு?"

கோப்பைத் திறந்து, நான் கவனிக்காமல் விட்ட ஒரு தாளைக் காட்டினார். பெயர் "வருசத்துக்கு ஒருக்கா". நத்தார்ப் பண்டிகை, தவணைக் காசு, காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டி, பன்னிரண்டால் பிரித்து, மாத மொத்தத்துக்குள் அவா சேர்த்திருந்தா. விலை ஏறினால் இந்தத் தாளை மாற்றச் சொல்லிக் குறிப்பும் இருந்தது. அவரும் அதை மட்டும் மாற்றி வந்திருக்கிறார். கொள்கலன் கொள்கலனாகக் கணக்குப் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை. அழகியாக இருந்திருந்தால், நன்றாகப் பாடுகிறவவாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். என் தொழிலிலேயே அவா என்னை வென்றதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஒரு முடிவோடு கோப்பைத் திறந்தேன். அவாவும் எங்கேயாவது பிழை விட்டிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் எழும்புவதில்லை. மாதங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய், முதல் தாளுக்கே போய்விட்டேன்.

அது வேறு யாரோ செய்ததுபோல இருந்தது. நிறமில்லை, குறிப்பில்லை. நிரல்கள் ஒடுங்கிப்போய்ப் பாதிச் சொற்கள் மறைந்து கிடந்தன. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன், பிழை. காரணமும் உடனே பிடிபட்டது: மீனுக்கு நேரே எண்ணை மட்டும் அடிக்காமல் "2500 ரூபா" என்று எழுதியிருந்தா. அப்படி எழுதினால் அது எண் என்று கணினிக்கு விளங்காது, கூட்டாமல் விட்டுவிடும். முதல் கிழமை பழகுகிறவர்கள் எல்லாரும் விடுகிற பிழை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக இருந்து, செத்துப்போன ஒருத்தியைப் பார்த்து.

பிறகுதான் மற்ற வரிகளைப் பார்த்தேன். "சிகரட்." "சிநேகிதரோட செலவு." "தங்கச்சியிட்ட வாங்கினது." "காப்பு மீட்க." அந்த மாதம் வரவைவிடச் செலவு எவ்வளவோ கூட. நான் கலியாணம் கட்டினவர் சிகரட் தொடாதவர். பஸ்ஸுக்குக் கொடுத்த காசையும் குறித்து வைக்கிறவர்.

கீழே "எனக்கு" இருந்தது. நினைச்சது ஆயிரம். செலவானது பூச்சியம். அடுத்த மாதம், பூச்சியம். அதற்கடுத்தது, பூச்சியம். ஒரு மாதம் ஐந்நூறு. திரும்பப் பூச்சியம். சிகரட் வரி இல்லாமல் போனது, காப்பு மீட்கிற வரியும் போனது, நினைச்சது ஆயிரத்திலிருந்து மூவாயிரமாக ஏறியது. செலவானது மட்டும் பூச்சியம், இல்லாவிட்டால் அரைகுறை. அவா இறந்த மாதம்வரை அப்படித்தான். அதற்கடுத்த மாதத்திலிருந்து முழு மூவாயிரம். ஒரு மாதமும் தவறவில்லை.

அவர் வந்ததும், மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, முதல் தாளை அப்படியே திறந்து வைத்தபடி கேட்டேன். "உங்களை நான் ஒண்டு கேக்கலாமோ?"

திரையைப் பார்த்தார். கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அந்தக் காலத்தில என்ட கையில காசு நிக்காது. அவாட காப்பைக் கொண்டுபோய் அடகு வச்சனான், கேக்காமல். அதுக்குப் பிறகுதான் ஒரு இலவச வகுப்புக்குப் போய் இதைப் பழகிக்கொண்டு வந்தவா. கோவத்தில செய்தது இது. ஒவ்வொரு மாசமும் என்னை இதில இருத்தி எழுதப் பண்ணினவா."

"அந்த வரி?"

"என்னட்டக் கை நீட்டாமல் இருக்க, தனக்கெண்டு ஒரு காசு வேணும் எண்டு கேட்டவா." மவுஸை அந்த வரிக்குக் கொண்டுபோனார். "உயிரோட இருக்கேக்க ஒழுங்காக் குடுக்கேல்ல. அடுத்த மாசம் பாப்பம், அடுத்த மாசம் பாப்பம் எண்டு சொன்னனான். பிறகுதான் குடுக்கத் தொடங்கினனான்."

அந்த வரியை இவ்வளவு காலமும் அன்பினால்தான் அவர் போட்டு வந்தார் என்று எண்ணி எரிந்தேன். அன்பும் இருந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் அது வெட்கம். எனக்கு இரக்கம் வந்ததா என்றால், வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. எனக்குக் கிடைத்த இந்தப் பொறுப்பான மனிதரை அவா எத்தனை வருடம் மல்லுக்கட்டித் திருத்தினா. அந்தப் பலனை நான் சும்மா வந்து அனுபவிக்கிறேன். அவருடைய நல்ல குணத்தில்கூட அவாவின் கை இருக்கிறது. அதையும் பொறாமையோடுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசையால் வந்து, மூன்று பேரும் மேசையில் இருந்தோம். நான்தான் தொடங்கினேன். பழைய கோப்பு பழையபடியே இருக்கட்டும், ஒருவரும் தொடவேண்டாம். புதுசாக ஒன்று செய்வோம் என்றேன். மகள் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்தாள்.

"தலைப்பு அம்மா வச்ச மாதிரியே வைக்கலாமோ? 'நினைச்சது', 'செலவானது' எண்டு."

எனக்கு விருப்பமில்லை. "வைக்கலாம்" என்றேன்.

விலைகளை அவள் பில்லுகளைப் பார்த்துச் சொல்ல, நான் அடித்தேன். பன்னிரண்டால் பிரிக்கிற தாளையும் அவா செய்தபடியே செய்தேன்; அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பாங்கில் சேர்ந்த காசு மகளின் மேல்படிப்புக்கென்று ஒரு நிரந்தர வைப்பாகப் போனது. அதற்குமேல் அந்த வரிக்கு அவர் காசு போடவேண்டாம் என்று மகள்தான் சொன்னாள். "காணும் அப்பா, போட்டது போதும்" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு ஒரு வரி வேண்டும் என்று நானும் கேட்டேன். தரவேண்டிய நேரம் தராவிட்டால் நான் எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன், வாயால் கேட்பேன் என்றும் சொன்னேன். சொன்னபடியே ஒருமுறை பிந்தினபோது சத்தம்போட்டுக் கேட்டேன், தந்தார்.

இப்படியெல்லாம் நடந்தும் அந்தக் குணம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். போன மாதம் ஒழுங்கை முனையில் இருக்கிற முஸ்லிம் நானாவின் கடைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். பழைய கடை, நானா எங்கள் வீட்டாரை எல்லாம் தெரிந்தவர். தராசில் பையை வைத்துக்கொண்டே, "அந்த நோனா இருக்கக்குள்ள எப்பவும் சிவப்பரிசிதான் எடுப்பாங்க. ஒங்களுக்கும் அதே போடவா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நானும் சிவப்பரிசி வாங்கத்தான் போயிருந்தேன்.

"வேணாம் நானா. கீரிச்சம்பா தாங்க" என்றேன். கிலோவுக்கு நல்ல விலை கூட.

மத்தியானம் அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார். மகள்தான், சோறு இன்றைக்கு நல்ல வாசமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போடுங்கோ அன்ரி என்று சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். எனக்கு அப்படியொரு சந்தோசம். இரண்டு கரண்டி கூடவே போட்டேன்.